சோத்துக்கைப் பக்கம்

எமிலியானுஸ் சார்ஜனை ஓரிடத்தில் இருத்தி வைத்த ஆள் மன்னாரில் இல்லை. பூசைக்குப் போனால் பிரசங்கம் தொடங்குகிற நேரம் கோவில் வாசலில் நிற்பார். கலியாண வீட்டில் அவருக்கென்று போட்ட கதிரையில் தொப்பி மட்டும் இருக்கும். ஆள் பின்கொட்டிலில் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, இறைச்சி அவிந்துவிட்டதா என்று கேட்டுச் சமையல்காரனின் உயிரை எடுத்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணி குடிப்பதுகூட நடந்து நடந்துதான். "இந்த மனுசன்ரை முழங்கால் மடங்கி ஆராவது கண்டிருக்கிறியளோ?" என்று மனைவி எடித் அயல் வீட்டில் கேட்பாள். அந்தக் கேள்வியில் பாதி குறை, பாதி பெருமை.

இப்படியொரு மனிதருக்குப் பொருத்தமான வேலையை அரசாங்கம் எப்படியோ கண்டுபிடித்துக் கொடுத்திருந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் கடல் ஒடுக்கம். இங்கேயிருந்து சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் களவாகப் போகும். அங்கேயிருந்து சேலையும் பீடியிலையும் களவாக வரும். அதைப் பிடிப்பதற்குப் பொலிசில் ஒரு கரைக்காவல் பகுதி இருந்தது. எமிலியானுஸ் அதற்குச் சார்ஜன். ஓலைத்தொடுவாயில் பிறந்தவர், தகப்பனும் சகோதரங்களும் வலை இழுத்த கரை, ஒவ்வொரு தாழம் பற்றையும் தெரியும். இடுப்பில் றிவோல்வரைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மணலில் நடக்கச் சம்பளமும் தருகிறார்கள் என்பதை அவரால் கடைசிவரை நம்ப முடியவில்லை.

அந்தச் சந்தோசத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஒரு மீன். லீவில் நின்ற ஒரு காலை, தம்பி எட்வேட்டின் கரைவலை ஏறிக்கொண்டிருந்தது. வலைக்குள் பெரிய திருக்கை ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. திருக்கையின் வாலில் முள் இருக்கிறது, அதை முதலில் தடியால் அமத்தி, முள்ளை முறித்துவிட்டுத்தான் தொடவேண்டும் என்று கடற்கரையில் பிறந்த மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எட்வேட் தடி எடுக்கத்தான் போயிருந்தான். அவன் வருமட்டும் பொறுக்க முடியாமல் எமிலியானுஸ் குனிந்து வெறுங்கையால் இழுத்தார். முள் வலது உள்ளங்கையின் அடியில் ஏறி மணிக்கட்டால் வெளியே வந்தது.

விசம் இறங்கியது, காயமும் ஆறியது. ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் அவர் சொல்லுக் கேட்பதை நிறுத்திவிட்டன. அந்தக் கையால் சல்யூட் அடிக்கலாம், பிடரியைச் சொறியலாம். கரண்டியை ஒருமாதிரி இடுக்கிப் பிடிக்கலாம். றிவோல்வர் பிடிக்க முடியாது.

இன்ஸ்பெக்டர் அமிர்தநாயகம் யாழ்ப்பாணத்து மனிதர். கஞ்சி போட்ட காற்சட்டை கசங்கிவிடும் என்று அவரும் அதிகம் உட்காரமாட்டார். அதனால் எமிலியானுஸ் மேல் ஒரு பிரியம். கூப்பிட்டுச் சொன்னார்.

"எந்தக் கையாலை சுடவேணும் எண்டு சட்டத்திலை எழுதேல்லை, ஐசே. ஆவணி முடிய வவுனியாவிலை சூட்டுப் பரீட்சை வருகுது. இடக்கையாலை சுட்டுப் பாஸ் பண்ணும். கரை உமக்குத்தான். இல்லாட்டி நான் ஒண்டும் செய்யேலாது. உந்த மேசைதான்."

உந்த மேசை என்று அவர் காட்டியது முன்விறாந்தையில் முறைப்பாடு எழுதுகிற மேசை. அதற்குப் பின்னால் பிரம்பு தொய்ந்த ஒரு கதிரை. ஆட்டைக் காணவில்லை, வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான், குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வருகிற சனத்தின் கதையைக் காலை தொடக்கம் பின்னேரம் வரை கேட்டு எழுத வேண்டும். எமிலியானுஸ் அந்தக் கதிரையைப் பார்த்தார். பென்சன் எடுக்கும்வரை அதில் இருக்கவேண்டும்.

"சுடுறன் ஐயா," என்றார்.

சொல்வது சுகம். இடக்கை என்பது அதுவரை அவருடைய உடம்பில் ஒரு விருந்தாளியாகத்தான் இருந்தது. வலக்கை வேலை செய்யும்போது பக்கத்தில் சும்மா தொங்கும். மற்றப்படி அதற்கென்று ஒரேயொரு வேலைதான், அதைச் சபையில் சொல்லமுடியாது. அந்தக் கையில் றிவோல்வரைக் கொடுத்தபோது அது மீனைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் வேலை முடிந்த பிறகு பின்வளவில் வெறும் றிவோல்வரை வைத்துப் பழக அனுமதி கொடுத்தார். சுவரில் கரியால் ஒரு புள்ளி. குழாய் முனையில் குறி பார்க்க இருக்கிற குமிழை அந்தப் புள்ளியில் வைத்து, குமிழ் அசையாமல் விசையை அமத்தவேண்டும். எமிலியானுஸ் சதுர ஐந்து சத நாணயக் குத்தி ஒன்றைக் குழாயின் மேல் வைப்பார், விசையை அமத்துவார், குத்தி விழும். மறுபடி வைப்பார், மறுபடி விழும். குனிந்து எடுத்தே இடுப்புப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் செம்பு நிறையத் தண்ணீர் வார்த்து இடக்கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு முற்றத்தை அளப்பார். "மரத்துக்காவது ஊத்துங்கோவன், சும்மா மண்ணிலை சிந்தாமல்," என்று எடித் சொன்னதால் பிறகு முருங்கையடியில் நின்று நடுங்கினார். முருங்கை நன்றாகக் காய்த்தது.

அடுத்த தொல்லை கண். இத்தனை வருடம் வலது கண்ணால் குறி பார்த்தவர். இப்போது இடக்கையில் நீட்டிப் பார்த்தால் இரண்டு புள்ளி, இரண்டு குமிழ் தெரிந்தன. வலது கண்ணை மூடவேண்டும். ஆனால் எமிலியானுசுக்கு இடது கண்ணை மட்டும் மூடத் தெரியுமே தவிர, வலதை மட்டும் மூடத் தெரியாது. மூடினால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொண்டன. ஆகையால் வழியில் தெருவில் எங்கும் வலது கண்ணை மூடி மூடிப் பழகினார். மூன்றாம் நாள் பக்கத்து வளவு அன்ரோனெற் எடித்திடம் வந்தாள்.

"எடித் அக்கா, சொல்லிறன் எண்டு கோவிக்கக் கூடாது. உங்கடை மனுசன் கிணத்தடியிலை என்னைப் பாத்துக் கண்ணடிச்சவர்."

"எந்தக் கண்?" என்று எடித் கேட்டாள்.

"எந்தக் கண்ணெண்டால் என்னக்கா, வலது கண்."

"வலதே? அப்ப பாஸ் பண்ணீடுவார்," என்று எடித் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்ரோனெற்றுக்கு இன்றுவரை அது விளங்கவில்லை.

குறியும் கையும் ஓரளவு ஒத்து வந்த பிறகும் விசை அமரும் கணத்தில் ஓர் இழுப்பு இருந்தது. எமிலியானுஸ் பல நாள் யோசித்தார். குற்றவாளி வலக்கை. இடக்கையின் விரல் அமரும்போது, தொடையோடு தொங்கிய வலக்கையும் பொறாமை பிடித்ததுபோல ஒருமுறை துடிக்கும். அந்தத் துடிப்பு தோள் வழியே வந்து குமிழைத் தட்டிவிடும். அதன்பிறகு வலக்கையை மடித்து நெஞ்சோடு இறுக்கி ஒட்டிக்கொண்டார். குத்தி விழாமல் நின்றது. மனுசன் றிவோல்வரை உறைக்குள் வைத்துவிட்டு வளவைச் சுற்றி ஓடி வந்ததைப் பார்த்து உள்ளேயிருந்த கான்ஸ்டபிள்மார் யாரையோ துரத்துகிறார் என்று நினைத்தார்கள்.

ஆனாலும் அது போதவில்லை. நின்று, நிதானித்து, மூச்சை அடக்கிச் சுட்டால் சரி. சட்டென்று உறையிலிருந்து எடுத்தால் கை ஒரு கணம் திகைக்கிறது. கரையில் அந்தக் கணம் கிடைக்காது. ஏன் திகைக்கிறது? ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வலக்கையில் இடுக்கிய கரண்டியிலிருந்து சோறு மடியில் கொட்டுண்டபோது விடை கிடைத்தது என்று எமிலியானுஸ் நினைத்தார்.

"இந்தக் கைக்குப் பிறந்த நாள் தொடக்கம் ஆரும் சோறு காட்டேல்லை, எடித். பிறகு அது எப்பிடி எனக்கு உழைக்கும்?"

கரண்டியை வைத்துவிட்டு இடக்கையைக் கழுவி வந்து, சோற்றில் வைத்தார்.

இவ்வளவு நாளும் எல்லாவற்றுக்கும் சிரித்தவள் இதற்குச் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வலது, இடது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சொற்கள். ஆளுக்கு ஆள் வழி சொல்லும்போதும், தோணியின் பின்பக்கம் நிற்கிறவன் முன்பக்க அணியத்தில் நிற்கிறவனுக்குக் கத்தும்போதும், சோத்துக்கைப் பக்கம், பீச்சங்கைப் பக்கம் என்றுதான் வரும். சோறு தின்கிற கை ஒன்று, கழுவுகிற கை மற்றது. இதில் மாறாட்டம் கிடையாது. வேதக்காரர், சைவக்காரர், சோனகர் எல்லோரும் சண்டை பிடிக்காமல் ஒத்துக்கொண்ட காரியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எனக்கு முன்னாலை உந்தக் கையாலை சாப்பிடவேண்டாம்," என்றாள் எடித்.

"பரீட்சை வருமட்டும்தான்."

"நீங்கள் அந்த மேசையிலை இருந்தால் என்ன குறைஞ்சு போவியள்? மற்ற ஆக்கள் இருக்கேல்லையோ?"

எமிலியானுஸ் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "நான் செத்துப் போவன், எடித்," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதன்பிறகு அவள் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கொஞ்ச நாளில் அதுவும் பழகி, அவருக்கு முன்னாலேயே இருந்தாள்.

பழக்கம் பொல்லாதது. கை சோற்றைக் கண்டதும் மற்றதெல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டது. கதவைத் திறந்தது, சட்டைத் தெறி பூட்டியது, சவரம் எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட எழுந்ததும் அதுதான், முழுக் கோவிலுக்கும் முன்னால். சுவாமியார் ஓரக்கண்ணால் பார்த்தார். எடித் முக்காட்டுக்குள் முகத்தை ஒளித்தாள். எமிலியானுஸ் வெட்கப்பட்டாலும் உள்ளுக்குள் மகிழ்ந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அன்று பின்னேரம் உறையிலிருந்து றிவோல்வரை எடுத்துப் பார்த்தபோது திகைப்பே இல்லை. இன்ஸ்பெக்டர் கொடுத்த தோட்டாக்களோடு ஊருக்கு வெளியே போய் ஒரு பனங்குற்றியில் சுட்டார். மேய்ந்துகொண்டு நின்ற மன்னார்க் கழுதைகள் திக்குத் திக்காக ஓடின. குற்றியில் எல்லாம் ஒரு கைவிரிப்புக்குள் பட்டிருந்தன.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது தகவல் ஒன்று வந்தது. விடிகிற நேரம் ஒரு தோணி சரக்கோடு அடையப் போகிறது. இன்ஸ்பெக்டர் ஆட்களோடு தண்ணிக்கரையில் பதுங்கினார். ஆள் போதாததால் பரீட்சைக்கு முன்னமே எமிலியானுசையும் கூட்டிப் போயிருந்தார். ஓடுகிறவர்களை மறிக்க, மேலே பனங்கூடல் பக்கம் எமிலியானுசும் கான்ஸ்டபிள் சந்தியோகுவும் நின்றார்கள். சந்தியோகு பேசாலைப் பொடியன், எமிலியானுசை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. எமிலியானுஸ் ஒரு பனைக்கும் மற்றப் பனைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். றிவோல்வர் கையில் இருந்தது.

கீழே விசில் கேட்டது. சத்தம், தண்ணீர் அடிபடுகிற ஓசை, பொதிகளைப் போட்டுவிட்டு ஓடுகிற கால்கள். சந்தியோகு பின்னாலிருந்து கத்தினான்:

"அண்ணை, சோத்துக்கைப் பக்கம்."

எமிலியானுஸ் திரும்பினார். திரும்பிய வேகம் அவருக்கே புதிது. வலக்கை மடிந்து நெஞ்சில் ஒட்டியது, வலது கண் மூடியது, இடக்கை நீண்டது, குமிழ் நின்ற இடத்தில் அசையாமல் நின்றது, விரல் அமர்ந்தது. இத்தனை மாதம் பழகியதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு குறையுமில்லாமல் நடந்தது. குமிழுக்கு நேரே ஒரு பெண் நின்றாள்.

கையை அவர் தூக்கினாரா, அதிர்ச்சியில் அது தானாக எழுந்ததா, ஆண்டவருக்குத்தான் தெரியும். வெடித்த தோட்டா அவளுடைய தலைக்கு மேலே பனையில் இறங்கியது. செதில் பறந்து அவள் தோளில் விழுந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால், உண்மையான வலப்பக்கத்தில், கொடுவாக்கத்தியோடு ஓடி வந்த ஒருவன் வெடிச் சத்தத்தில் கத்தியைப் போட்டுவிட்டு மணலில் குந்தித் தலைக்கு மேல் கையை வைத்தான். சந்தியோகு போய் அவனைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"மேலை சுட்டு ஆளை இருத்தீற்றீர். அதுவும் இடக்கையாலை. பரீட்சை வேறை வேணுமோ, ஐசே, உமக்கு?"

எமிலியானுஸ் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போனார். அவள் பெயர் கதீஜா. கயிற்றை அறுத்துக்கொண்டு போன ஆட்டைத் தேடி விடியவே வந்தவள். கையில் அறுந்த கயிற்றுத் துண்டு இருந்தது. தலையிலிருந்து விலகிய சேலைத் தலைப்பை இழுத்து மூடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஒண்டுமில்லை, தங்கச்சி. வீட்டை போங்கோ," என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போனாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் சந்தியோகு மெதுவாகக் கேட்டான். "அண்ணை, நான் சோத்துக்கைப் பக்கம் எண்டெல்லோ கத்தினனான்?"

"ஓம், கேட்டது."

"பின்னை ஏன் மற்றப் பக்கம் திரும்பினனீங்கள்?"

காது பிசகிவிட்டதா, நித்திரை இல்லாததாலா என்று எமிலியானுஸ் வழி நெடுக யோசித்தார். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்றார். எடித் வாளியோடு வந்தாள்.

"நீட்டுங்கோ, சோத்துக்கையைக் கழுவிவிடுறன். ஒரே மணலாக் கிடக்குது."

நீட்டினார். தண்ணீர் விழுந்தது. விழுந்தது இடக்கையில். அவர் நீட்டியதும் அதைத்தான், அவள் கழுவியதும் அதைத்தான். இருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பிறகுதான் எமிலியானுஸ் அந்தக் கையைப் பார்த்தார்; சந்தியோகு கத்தியபோது அவர் திரும்பியதும் இந்தக் கையின் பக்கம்தான்.

நடந்ததை எடித்துக்குச் சொன்னார். அவள் வாளியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள். "இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குச் சொன்னனீங்களோ?"

"பரீட்சை முடியட்டும்."

"அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால்?"

"நடக்கேல்லைத்தானே," என்று கத்தினார். பிறகு படலையைத் திறந்துகொண்டு வெளியே போய், பொழுது சாயும்வரை தெருத் தெருவாக நடந்தார். அந்தக் கிழமை முழுக்க அவருக்கு நிலைகொள்ளவில்லை. படுத்தால் எழும்புவார், எழும்பினால் முற்றம், முற்றத்திலிருந்தால் தெரு. பரீட்சையும் வேண்டும்போலிருந்தது, பரீட்சை நின்றுபோனாலும் நல்லதுபோலிருந்தது.

பரீட்சை நிற்கவில்லை. வவுனியாவில் காட்டோரத்தில் சூட்டுத் திடல். நின்று சுடுவது, முழங்காலில் சுடுவது, கடைசியாகத் திடீர்ச் சூடு. இரண்டு பக்கமும் பலகைகள்; அதிகாரி எந்தப் பக்கம் என்று சொல்லுவார், உறையிலிருந்து எடுத்து அந்தப் பலகையைச் சுடவேண்டும். அதிகாரி சிங்களத்தில் சொன்னார். தகுண, வம, தகுண; வலது, இடது, வலது. எமிலியானுசின் கை ஒருமுறையும் பிசகவில்லை. பிசகாதென்று அவருக்குத் தெரியும். அந்தச் சொற்களுக்குள் சோறு இல்லை. இரண்டு கையும் நல்ல நிலையிலிருந்த பாதிப் பேர் தோற்றுப் போன பரீட்சையில் அவர் முன்னணியில் நின்றார். மற்ற ஊர்ச் சார்ஜன்மார் வந்து கையைக் குலுக்கினார்கள், எந்தக் கையைப் பிடிப்பதென்று தெரியாமல்.

"திங்கட்கிழமை பின்னேரம் தொடக்கம் கரை," என்று இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டினார்.

எமிலியானுஸ் மகிழ்ச்சியாகத்தான் வீட்டுக்கு வந்தார். மகிழ்ச்சி இல்லையென்றால் பொய். இனி எல்லாம் சரி என்று நினைத்தார். இடக்கைச் சாப்பாட்டை விட்டுவிட்டால் சோத்துக்கை என்ற சொல்லும் பழைய இடத்துக்குப் போய்விடும். கரண்டியை வலக்கையில் இடுக்கிச் சாப்பிட்டார். எடித்துக்கு முகம் மலர்ந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அறையின் நடுவில் போய் நின்றார்.

"எடித், பின்னாலை நிண்டு சொல்லு. நான் கையைக் காட்டுறன்."

"சோத்துக்கைப் பக்கம்," என்றாள் எடித்.

அவர் வலப்பக்கம் காட்டினார்.

"பீச்சங்கைப் பக்கம்."

இடப்பக்கம் காட்டினார்.

"பாத்தீங்களோ, சரியாத்தானே காட்டுறீங்கள்."

"யோசிச்சுக் காட்டுறன், எடித்," என்றார். "யோசிச்செல்லோ காட்டுறன்."

இன்னொருமுறை சொல்லச் சொன்னார், இன்னொருமுறை. சனியும் ஞாயிறும் அதுவே வேலையாயிற்று. யோசித்தால் சரியாக வந்தது. யோசிக்காமல் திரும்பினால் கை ஒரு தரம் சரி, ஒரு தரம் பிழை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடித் தொண்டை கட்டி, போதும் என்று அழுதுவிட்டாள். கரையில் நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று எமிலியானுஸ் அவளுக்குச் சொன்னார். தனக்கும் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம். ஜீப் வர நேரமிருந்தது. மேசைக்காரக் கான்ஸ்டபிள் சாப்பிடப் போனதால், "கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ சார்ஜன்" என்று கேட்டிருந்தான். எமிலியானுஸ் புதிதாகத் தைத்த இடப்பக்க உறையில் றிவோல்வரோடு, அந்தப் பிரம்புக் கதிரையின் விளிம்பில், எந்நேரமும் எழும்பத் தயாராகக் குந்தியிருந்தார். ஒரு பெண் படியேறி வந்தாள். பழக்க தோசத்தில் துள்ளி எழுந்தார்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கதீஜா.

"வாங்கோ தங்கச்சி, உள்ளுக்கு வாங்கோ," என்று ஓரடி முன்னால் வைத்தார். அவள் ஓரடி பின்னால் வைத்தாள். பின்னால் படி. இன்னுமோர் அடி வைத்தால் விழுந்துவிடுவாள். அவளுடைய கண் அவர் இடுப்பில் இருந்தது.

"நீங்கள் இருங்கோ, சார்ஜன்," என்றாள். "நீங்கள் எழும்பினா எனக்கு நிக்கேலாமக் கிடக்கு. இருந்தியளெண்டா உள்ளுக்கு வருவன்."

மன்னாரில் இதுவரை யாருக்கும் இருந்து கொடுக்காதவர் இருந்தார். விளிம்பில் இல்லை, முதுகு கதிரையில் முட்ட இருந்தார். அது போதாதென்று தோன்றியது. உறையை வாரோடு கழற்றி மேசையின் எட்டாத மூலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் அவள் பார்க்கும்படி மேசைப் பலகையில் விரித்து வைத்தார். கதீஜா கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, மேசைக்கு முன்னாலிருந்த வாங்கில் ஒரு ஓரமாக அமர்ந்தாள்.

"ஆடு இன்னும் கிடைக்கேல்லையோ?"

"இல்லை. ஒரு வீட்டு வளவுக்கை கட்டியிருக்கிறதாச் சொல்லுறாங்க."

"என்ன நிறம்?"

"கறுப்பு. நெத்தியிலை ஒரு வெள்ளை."

இடக்கையால் எழுதினார். எழுத்து குழந்தைப்பிள்ளை எழுத்துப்போலச் சரிந்து சரிந்து வந்தது. அவள் பொறுமையாக இருந்தாள். ஆட்டைப்பற்றிச் சொன்னாள், அதன் இரண்டு குட்டிகளைப்பற்றிச் சொன்னாள், குட்டிகள் தாயில்லாமல் கத்துவதைச் சொன்னாள். அந்த விடியற்காலையைப்பற்றி இரண்டுபேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் சொல்லி முடிந்த பிறகும் எமிலியானுஸ் எழும்பவில்லை, அவள் போய்த் தெருவில் இறங்கும்வரை.

வெளியே ஜீப் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கடற்காற்று விறாந்தை வழியே வீசியது. சந்தியோகு முன் சீற்றிலிருந்து கையைக் காட்டினான். இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தார்.

"என்ன, ஐசே, இன்னும் இருக்கிறீர்? வாரும்."

எமிலியானுஸ் மேசை மூலையில் கிடந்த உறையை வாரோடு எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"நீங்கள் போட்டு வாங்கோ ஐயா," என்றார். "நான் இருக்கிறன்."

இன்ஸ்பெக்டர் உறையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "பாஸ் பண்ணீட்டீரடாப்பா," என்றார்.

"கை பாஸ் பண்ணீட்டுது ஐயா."

இன்ஸ்பெக்டர் உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஜீப் கிளம்பிக் கரைப் பக்கமாகத் திரும்புகிற சத்தம் கேட்டது. மேசைக்கு அடியில் எமிலியானுசின் இரண்டு காலும் இருந்த இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன. அவர் எழும்பவில்லை. படியில் அடுத்த ஆள் வந்து நின்றார்.